உங்களுக்குத் தெரியுமா? எருக்குழி முதல் யூரியா மூட்டை வரை!

நெல் வயல் வரப்பில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். உங்கள் ஒரு ஏக்கருக்கு மேலே காற்றில் இருக்கும் நைட்ரஜன் எவ்வளவு தெரியுமா? 30,000 டன்னுக்கும் மேல்! அதில் ஒரு கிராமைக்கூட நெல்லால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் உரக்கடைக்குப் போய் மூட்டை வாங்குகிறோம்!

அந்த யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கணக்குப் போட்டால் 20.7 கிலோ. கடையில் விலை 266 ரூபாய் 50 காசு!

2018-க்கு முன்னால் இதே மூட்டை 50 கிலோ! மூட்டைக் கணக்கில் உரம் போடும் விவசாயி, எண்ணிக்கையைக் குறைக்காமலேயே ஏக்கருக்கு இரண்டு மூட்டையில் 10 கிலோ யூரியாவைக் குறைத்துவிட்டார்!

சரி, ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்தைத் தொழுவுரமாகக் கொடுக்க எவ்வளவு எரு வேண்டும்? மட்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஆக, 4 டன்னுக்கு மேல்! டெல்டாவில் குறுவைக்குச் சிபாரிசு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. முழுவதையும் எருவாகவே கொடுப்பதென்றால் 12 டன்!

அவசரப்பட்டு மூட்டைக்குக் கைதட்டிவிடாதீர்கள்! அந்த 4 டன் எருவோடு சுமார் 20 கிலோ சாம்பல்சத்தும் 8 கிலோ மணிச்சத்தும் சேர்ந்தே வயலுக்குள் இறங்குகின்றன. துத்தநாகமும் இரும்பும் இலவச இணைப்பு. யூரியா மூட்டையில் இவை அத்தனையும் பூஜ்யம்!

மாட்டு மூத்திரத்தில் இருப்பது என்ன தெரியுமா? யூரியா! அதே மூலக்கூறு! தூத்துக்குடித் தொழிற்சாலையில் செய்ததையும் உங்கள் கொட்டகை மாடு கொடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் மூலக்கூறின் அமைப்பில் எந்த வித்தியாசமும் இருக்காது!

அந்த யூரியாவை முதன்முதலில் செயற்கையாகச் செய்தவர் ஜெர்மனியின் பிரெட்ரிக் வோலர். ஆண்டு 1828. உயிருள்ள உடலுக்குள் மட்டுமே இது உண்டாகும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது!

காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்கிக் காட்டியவர் பிரிட்ஸ் ஹேபர். 1909! அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர் கார்ல் பாஷ். 1913! இருவருக்குமே நோபல் பரிசு! இன்றைக்கு உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த ஒரு கண்டுபிடிப்பின் தயவில்தான் விளைகிறது!

இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை எங்கே வந்தது? பம்பாயா? கல்கத்தாவா? இல்லவே இல்லை. நம்ம ராணிப்பேட்டை! 1906-லேயே அங்கே சூப்பர் பாஸ்பேட் தயாரித்தார்கள்!

நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா எடுத்தார்கள் தெரியுமா? மின்சாரம் வந்த அதே நிலக்கரியிலிருந்து நெல்லுக்கும் சாப்பாடு!

இனி கிடைக்கு வருவோம். இந்தப் பகுதியைத் தேடிச் சேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு தஞ்சை, திருவாரூர், நாகைக்கு இறங்குவார்கள். பகலெல்லாம் அறுத்த தாளில் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் பேசிவைத்த வயலில் கிடை. பிறந்த குட்டிகளைக் கவிழ்த்த கூடை போன்ற குடாப்புக்குள் அடைத்துவிட்டு, பெரிய ஆடுகளை வலைக்குள் நெருக்கிப் படுக்க வைப்பார்கள். விடிந்ததும் பாருங்கள், மண்ணே தெரியாமல் புழுக்கை! மறுநாள் ராத்திரி கிடை நாலு எட்டு தள்ளி மாறும். இப்படியே முழு வயலும் நிரம்பும். வண்டி வாடகை இல்லை, எரு அள்ளிக் கொட்டும் கூலி இல்லை. எரு தன் காலாலேயே நடந்து வருகிறது!

ஆட்டு எருவில் தழைச்சத்து எவ்வளவு? சுமார் 3 சதவீதம்! தொழுவுரத்தைப் போல ஆறு மடங்கு!

கிடையில் இன்னொரு லாபம் இருக்கிறது. கொட்டகையில் மூத்திரம் தரையோடு போய்விடும். கிடையிலோ ஒரு சொட்டு வீணாகாமல் நேரே வயல் மண்ணில் இறங்கும். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி விவசாயி கீதாரிக்குக் காசு கொடுப்பதில் ஆச்சரியம் உண்டா? முன்பு அந்தக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது!

காசு கொடுத்து எரு வாங்கியதில் சீனர்களை மிஞ்ச ஆளில்லை! 1908-ல் ஷாங்காய் நகரின் ஒரு பகுதியில் வீட்டு மலத்தை அள்ளிக்கொள்ளும் உரிமைக்காக ஒரு ஒப்பந்தக்காரர் நகராட்சிக்குக் கொடுத்த தொகை 31,000 தங்க டாலர்! அள்ளியது 78,000 டன்! அத்தனையும் சுற்றுவட்டார வயல்களுக்கு!

தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ. வளரும் நாள் 45. மடக்கி உழும்போது வயலில் கிடைக்கும் பச்சைத் தழை 8 டன்னிலிருந்து 10 டன்! ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல் தழைச்சத்து! பூ எடுக்கிற தருணத்தில் மடக்க வேண்டும். தண்டு முற்றிவிட்டால் சேற்றில் சீக்கிரம் அழுகாது!

வேரில் முடிச்சு இருக்கும், தெரியும். தண்டில் முடிச்சு போடும் செடி தெரியுமா? மணிலா அகத்தி! சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பக்கம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் தண்டு முழுக்க வரிவரியாகப் பருக்கள். ஒவ்வொரு பருவுக்குள்ளும் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா! நெல் வயலுக்கென்றே அளவெடுத்துப் பிறந்த செடி!

அசோலாவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பாசி என்று நினைப்போம். அது பாசியே இல்லை, தண்ணீரில் மிதக்கும் பெரணி! ஒரு இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அந்த இலைக்குள் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் குடியிருப்பது நீலப்பச்சைப் பாசி. பெரணி இடம் கொடுக்கிறது, பாசி நைட்ரஜன் கொடுக்கிறது. வாடகை கச்சிதமாகத் தீர்கிறது!

சூழல் ஒத்துவந்தால் அசோலா இரட்டிப்பாக எத்தனை நாள்? மூன்றிலிருந்து ஐந்து! களை எடுக்கும்போது சேற்றில் மிதித்துவிட்டால் போதும், அடுத்த சில நாளில் உரம்!

அசோலா செக்கச்செவேலென்று சிவந்தால் என்ன அர்த்தம்? வெயில் தாங்கவில்லை, அல்லது மணிச்சத்துப் பசி! கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் தூவினால் மறுபடி பச்சை. கடை உரம் அசோலாவுக்குச் சாப்பாடு, அசோலா நெல்லுக்குச் சாப்பாடு! இயற்கை உரமா, ரசாயன உரமா என்று திண்ணையில் சண்டை நடக்கும்போது வயலில் இரண்டும் கைகோத்து வேலை பார்க்கின்றன!

நம்பவே முடியாத ஒன்று சொல்லட்டுமா? 4 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வட துருவக் கடல்மேல் அசோலா பாய் விரித்தாற்போல் பரவிக் கிடந்தது! ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுகள்! 2004-ல் கடலடியில் துளை போட்டு எடுத்த மண்ணில் சாட்சி சிக்கியது!

நெல் வயலுக்கு யாரும் ஒன்றும் போடாமலேயே வருஷக்கணக்கில் எப்படி விளைகிறது? நீலப்பச்சைப் பாசிதான் காரணம் என்று 1939-லேயே காட்டியவர் பி. கே. தே என்ற இந்திய விஞ்ஞானி! இன்று அந்தப் பாசியையே காயவைத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். ஏக்கருக்கு வெறும் 4 கிலோ!

நெற்பயிர் தழைச்சத்தைவிட அதிகமாக உறிஞ்சுவது எதை? மணலில் இருக்கும் சிலிக்கானை! ஒரு டன் நெல் விளைய தழைச்சத்து 20 கிலோ போதும். சிலிக்கான்? சுமார் 80 கிலோ! நெல் தாள் கையைக் கிழிப்பது எதனால் என்று இப்போது தெரிகிறதா? ஜப்பான் 1955-லேயே சிலிக்காவை உரம் என்று அரசுப் பட்டியலில் சேர்த்துவிட்டது!

நெல் உறிஞ்சும் சாம்பல்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எங்கே போய் உட்காருகிறது? வைக்கோலில்! நெல்மணிக்குப் போவது கொஞ்சமே கொஞ்சம். வைக்கோல் கட்டு வயலைவிட்டு வண்டி ஏறினால் பொட்டாஷும் வண்டி ஏறுகிறது! நாமோ பொட்டாஷ் உரத்துக்கு முழுக்க முழுக்க இறக்குமதியை நம்பி இருக்கிறோம். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்களேன்!

அந்தச் செம்பொட்டாஷ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கனடாவின் சஸ்காட்செவனில் பூமிக்கு ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து! சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு அது. மன்னார்குடி வயலில் கை நிறைய அள்ளி வீசுகிறோம்!

மணிச்சத்துப் பாறையில் உலகக் கையிருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே நாட்டின் பிடியில். மொராக்கோ! நம் திருச்சி மாவட்டத்து உத்தத்தூர்ப் பக்கமும் கடல் கிடந்த காலத்து பாஸ்பேட் உருண்டைகள் மண்ணுக்குள் கிடக்கின்றன!

வயலில் போட்ட 100 கிலோ யூரியாவில் நெல்லுக்குக் கிடைப்பது எவ்வளவு? பெரும்பாலும் 30, 40 கிலோதான்! மிச்சம் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது!

காற்றோடு போவதற்கு ஒரு நேரம் இருக்கிறது! வயல் தண்ணீரில் இருக்கும் பாசி, வெயில் ஏற ஏறக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். நடுமதியத்தில் தண்ணீரின் கார அளவு 9-ஐத் தாண்டி 10 வரை எகிறும். அந்த நேரம் தண்ணீரில் யூரியா கரைந்து கிடந்தால் அமோனியாவாகப் பறந்துவிடும். சாயந்திரம் ஆனால் கார அளவு தானாக இறங்கிவிடும். தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு மேலுரம் போடச் சொல்வதன் ரகசியம் இதுதான்!

பறக்கும் யூரியாவைப் பிடித்து நிறுத்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கலவை: யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு. கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் தூவ வேண்டும். அவ்வளவுதான்!

இந்தியாவில் 2015 முதல் விவசாயத்துக்கு வரும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதுதான்! தழைச்சத்தைக் கரைத்து ஓடவிடும் மண் பாக்டீரியாக்களின் வேகத்தை வேம்பு அடக்கிவிடும். ரசாயனத் தொழிற்சாலையின் கடைசிக் கட்டத்தில் நிற்பது நம்மூர் வேப்பங்கொட்டை!

வங்கதேசத்தில் விவசாயிகள் பலர் யூரியாவைத் தூவுவதில்லை, புதைக்கிறார்கள்! கோலிக்குண்டைவிடச் சின்ன உருண்டை. எடை 1.8 கிராம் அல்லது 2.7 கிராம். நாலு குத்துக்கு நடுவில் ஒன்று, 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் விரலால் அமுக்கிவிட வேண்டும். ஒரு போகத்துக்கு ஒரே தடவை! மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சம்!

நெல்லுக்குப் பசியா இல்லையா என்று இலையே சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும்! அதற்குத்தான் இலை வண்ண அட்டை. பச்சையில் பல சாயல் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் பட்டை. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நில்லுங்கள். நன்றாக விரிந்த இலையைக் கிள்ளாமல் அட்டைமேல் படுக்க வைத்து ஒப்பிடுங்கள். இப்படிப் பத்து இலை! வெள்ளைப் பொன்னிக்குச் சராசரி 3-க்குக் கீழே போனால் மட்டும் யூரியா. மற்ற ரகங்களுக்கு 4! வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்!

யூரியாவைத் தாராளமாக அள்ளி வீசினால் வயல் கரும்பச்சையாகப் பளபளக்கும். வரப்பில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். புகையானும் பார்க்கும், குலைநோயும் பார்க்கும், இலைச்சுருட்டுப் புழுவும் பார்க்கும்! மூன்றுக்கும் பிடித்த விருந்து தழைச்சத்து மிஞ்சிய பயிர்தான்!

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு யூரியாவை ஏற்றிப் பாருங்கள். ஆள் உயரம் வளரும் தாள் இன்னும் வளர்ந்து, கதிர் கனத்ததும் பொத்தென்று படுத்துவிடும். குட்டை ரகங்கள் பிறந்ததே இதனால்தான்!

1966-ல் வெளியான ஐஆர் 8 என்ற குட்டை ரகத்தைப் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலைய வயலில் சோதித்தபோது உரமே இல்லாமல் ஹெக்டேருக்கு 5 டன்! தழைச்சத்து கொடுத்ததும் கிட்டத்தட்ட 10 டன்! வட ஆர்க்காடு மாவட்ட விவசாயி ஒருவர் அந்த விளைச்சலைப் பார்த்துப் பூரித்து, தன் மகனுக்கே ‘ஐஆர் எட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்!

இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளி புள்ளியாகச் சிவந்து, வயல் திட்டுத் திட்டாகக் குட்டையாகிறதா? மருந்து தேடி ஓடாதீர்கள். கிருமியே இல்லை, துத்தநாகப் பற்றாக்குறை! இதைப் பந்த்நகரில் விஞ்ஞானி ஒய். எல். நேனே 1966-ல் கண்டுபிடித்தார். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினால் தீர்வு. பசுந்தாள் உரம் மடக்கிய வயலா? பாதியே போதும், 5 கிலோ!

தண்ணீர் கட்டினால் மண்ணின் குணமே மாறும், தெரியுமா? புளிப்பு மண்ணின் புளிப்பு குறையும், கார மண்ணின் காரம் குறையும். சில வாரங்களில் இரண்டும் நடுநிலைக்கு வந்து நிற்கும். பூட்டிக் கிடந்த மணிச்சத்தும் அவிழும்! இந்தச் சேற்று ரசாயனத்தை உலகத்துக்கு விளக்கிய மேதை இலங்கையில் பிறந்த பீலிக்ஸ் பொன்னம்பெரும!

அதே இலங்கையில்தான் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நின்றது! நாடு முழுக்க, எல்லாப் பயிருக்கும், ஒரே நேரத்தில்! அவ்வளவு வயலுக்கும் போதுமான எரு தீவில் இருக்கவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பெரும்போகம் பசளையில்லாமல் மஞ்சள் பூத்து நின்றது. ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை, நவம்பரில் தடை நீங்கியது!

அதற்குள் சீனாவிலிருந்து 20,000 டன் சேதனப் பசளையோடு, அதாவது இயற்கை உரத்தோடு, ஒரு கப்பல் புறப்பட்டு வந்தது. சோதித்த இலங்கை ஆய்வகம், பயிரைத் தாக்கும் கிருமி இருக்கிறது என்றது. அனுப்பிய நிறுவனம் இல்லை என்று மறுத்தது. கப்பல் சரக்கை இறக்காமலேயே திரும்பியது. ஆனாலும் இலங்கை கொடுக்க வேண்டி வந்த பணம் 67 லட்சம் டாலர்! ஒரு கைப்பிடி எருகூட வயலைத் தொடவில்லை!

2021-ல் 51 லட்சம் டன்னாக இருந்த இலங்கையின் நெல் விளைச்சல் 2022-ல் சுமார் 34 லட்சம் டன்! நெல் விவசாயிகளுக்கு நஷ்ட ஈடாக அரசு அறிவித்த தொகை 4,000 கோடி ரூபாய்! எருவின் மீது எனக்கு எவ்வளவோ ஆசை உண்டு. ஆனால் மண்ணுக்கு அதைச் சேர்த்துவைக்க வருஷங்கள் வேண்டும், ஒரு போகத்தில் மாற்ற நினைத்தால் வயிறு காயும்!

அந்த நெருக்கடியில் இந்திய விமானப்படை விமானங்களில் கொழும்புக்குப் பறந்தது என்ன தெரியுமா? 100 டன் திரவ நானோ உரம்! உரம் விமானம் ஏறியது!

நானோ யூரியா பாட்டில் 500 மில்லி. முதலில் வந்தபோது அதில் இருந்த தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பதோ 20,700 கிராம்! ஒரு மூட்டைக்கு ஒரு பாட்டில் ஈடு என்றார்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்ததில் நெல் விளைச்சல் 13 சதவீதம் குறைந்தது!

நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரக் கரைசலில் நனைக்க எவ்வளவு நேரம்? 15 முதல் 30 நிமிஷம்! ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நாலு. நாற்று முடியை அவிழ்க்கும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை!

பச்சை வைக்கோலை அப்படியே மிதித்துத் தண்ணீர் கட்டினால் சேற்றிலிருந்து மீத்தேன் குமிழ் குமிழாகக் கிளம்பும்! காலை வைத்து அழுத்தினாலே கண்ணால் பார்க்கலாம். அதே வைக்கோலை மட்க வைத்துப் போட்டால் மீத்தேன் வெகுவாகக் குறையும்!

உலகிலேயே ஓய்வே அறியாத நெல் வயல் எங்கே இருக்கிறது? பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸ், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். 1963-ல் தொடங்கினார்கள். 1968-லிருந்து ஆண்டுக்கு மூன்று போகம்! அதில் தழைச்சத்து உரமே காட்டாத பாத்திகளும் உண்டு. பாசியும் பாக்டீரியாவும் பாசனத் தண்ணீரும் கொடுப்பதை மட்டும் தின்று, இத்தனை வருஷமும் அந்தப் பாத்திகளிலும் கதிர் வந்துகொண்டேதான் இருக்கிறது. இதுவரை 150 போகங்களுக்கும் மேல்!